மூக்கறுப்பு

மூன்று ரேடியேட்டர்கள் சுவரில் சாய்ந்திருக்கின்றன.
ரொட்டி வேனில் இருந்த பித்தளை,
தூக்க இரண்டு பேர் வேண்டும்.
நொறுங்கிய டீசல் காரில் பிழைத்த மெலிசு,
முப்பத்தெட்டு யூரோ,
தகடுகளுக்கிடையே இன்னும் ஒரு பட்டாம்பூச்சிச் சிறகு.
அப்புறம் பொலோஞாவிலிருந்து லாரியேறி வந்த அலுமினியம்,
அறுபத்தைந்து மில்லிமீட்டர் தடிமன்,
பட்டறையின் இரண்டு மாத வாடகை.
பெல்மீரோ அதன் உறையைப் பாதிதான் பிரித்திருக்கிறான்.
கைரேகை படுமாம்.

எஞ்சின் எங்கள் முதுகுக்குப் பின்னால்.
தண்ணீர் மூக்குவரை நடந்து திரும்ப வேண்டும்,
இருக்கைக்கு அடியில், மூன்று மீட்டர் போக, மூன்று மீட்டர் வர.
வழியில் ஒரு குமிழ் உட்கார்ந்துவிட்டால்
அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்,
அலுவலகத்தில் கோப்பை மறைத்துவைத்த குமாஸ்தா மாதிரி.
அதற்காக மேலே ஒரு சின்னத் திருகு வைத்தேன்.
குமிழ்கள் வெளியேறிவிட்டன.
முள் மட்டும் இறங்கவில்லை.
மராவ் மலையில் ஜூலை வெயில்,
நாலாவது வளைவில் நூற்றுப் பன்னிரண்டு,
காய்ச்சிய சர்க்கரையின் வாடை.

தடிமன் போதாது என்றான் பெல்மீரோ.
வாய் போதாது என்றேன் நான்.
அந்த மூக்கை அவன் வார்த்தது
பதினோரு வாரம், கண்ணாடி இழையும் பிசினுமாய்,
இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு பிளவு.
வாய் இல்லை அது, புன்னகை என்றான்.
புன்னகையால் மூச்சுவிட முடியாது என்றேன்.
அன்றிலிருந்து அவனுக்குக் கோபம்
மூக்குக்கு மேலே.
மூன்று நாள் பேச்சு இல்லை.
கிரைண்டர்தான் எங்களுக்காகப் பேசியது.

நாலாம் நாள் சுல்மீரா வந்தாள்,
பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் சிவப்பு நூலோடு.
விரல் நீளத்துக்கு வெட்டி நாற்பது துண்டு,
பிளவைச் சுற்றி, உள்ளே, மேலே, டேப்பால் ஒட்டினோம்.
அவள் ஓட்டினாள், எண்பதில்.
பக்கத்தில் இன்னொரு காரில் நான்,
ஜன்னல் வழியே இடுப்புவரை வெளியே.

மேல் நூல்கள் படிய வாரிய தலைமுடி.
பிளவின் நூல்கள் அப்படி இல்லை.
உள்ளே போகப் பார்த்தன,
வாசலில் தயங்கின,
திரும்பி வெளியே வந்து
என்னைப் பார்த்து ஆடின.

வந்த காற்று போக இடமில்லை.
அவ்வளவுதான்.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
வாய் மட்டும் உள்ளது பிழைக்காது.
அவன் சொன்ன தடிமனும் தப்பு,
நான் சொன்ன வாயும் தப்பு.
அறுபத்தைந்து மில்லிமீட்டரை அங்கே வைத்திருந்தால்
மூடிய வீட்டுக்கு இன்னொரு கதவு போட்டதாகியிருக்கும்,
அதையும் பூட்டி.

படத்தைக் காட்டினேன். பெல்மீரோ
நூல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.
காப்பி ஆறியது.
பிறகு பென்சிலை எடுத்து
பிளவை விட்டுவிட்டு
அதற்குப் பின்னால், பானட்டின் நெற்றியில்,
ஒரு கோடு போட்டான். அழித்தான்.
இன்னும் அகலமாகப் போட்டான்.
ரம்பத்தை நான் எடுக்கப் போனேன்.
"என் மூக்கை நானே அறுத்துக்கொள்கிறேன்," என்றான்.
மூன்று நாளில் முதல் வாக்கியம்.

மெலிசைத்தான் வைத்தோம்.
முன்னே சாய்த்து, பின்னால் இரண்டு மின்விசிறி,
சுற்றிலும் ஒரு அட்டைப்பெட்டி போல் அலுமினியத் தகடு,
காற்று குறுக்குவழி தேடாமலிருக்க.
பட்டாம்பூச்சிச் சிறகை எடுக்கப் பார்த்தேன்,
தகடு வளையும் போலிருந்தது,
விட்டுவிட்டேன்.

நாலாவது வளைவில் எண்பத்தொன்பது.
ஏழாவதிலும்.
நெற்றியின் ஓட்டை வழியே சூடு
கண்ணாடியில் மோதி எங்கள் முகத்தில் அடித்தது,
சுட்ட தூசியும் யூகலிப்டஸும் மணக்க.
இருவரும் இருமினோம். சிரிக்கவில்லை.
கண்ணாடிக்கு முன் ஒரு தடுப்பு வேண்டும் என்றான்.
எத்தனை உயரம் என்று கேட்டேன்.
அதில் மறுபடியும் சண்டை.

பொலோஞாக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை,
உறை கிழிந்திருக்கிறதாம்.
இப்போது அது கைகழுவும் தொட்டிக்கு மேலே.
காலையில் அதன் பளபளப்பான ஓரத்தில்
குனிந்து, முகத்தின் ஒரு துண்டைத் தேடி,
பெல்மீரோ சவரம் செய்கிறான்.